மதிப்பெண்ணுக்கு வெள்ளி கொடுத்து மாட்டிக்கொண்டேன்

உட்லண்ட்ஸ் அம்மா:
என் மகன் தொடக்கநிலை 5 படிக்கிறான். அடுத்த ஆண்டு பி.எஸ்.எல்.இ., அதாவது சிங்கப்பூரில் தொடக்கநிலை முடிவில் எழுதும் தேசியத் தேர்வு. கணக்கு என்றாலே முகம் சுருங்கிவிடும். சம்பளம் வந்த ஒரு நல்ல நாளில், "ஒவ்வோர் அடைவுநிலை ஏறினாலும் 20 வெள்ளி" என்று வாயைவிட்டேன். அப்போது அவன் எடுத்திருந்தது 58, அதாவது அடைவுநிலை 6. அடைவுநிலையில் 1தான் உச்சம், எண் குறையக் குறைய நல்லது.

ஆறு வாரம் நன்றாகத்தான் படித்தான். அடுத்த தேர்வில் 66 எடுத்து அடைவுநிலை 5க்கு வந்தான். 20 வெள்ளியை வாங்கிய கையோடு புத்தகத்தை மூடிவிட்டான். ஏனடா என்றால், "65 முதல் 74 வரை எல்லாமே 5தான் அம்மா. 4க்குப் போக 75 வேண்டும். போன முறை ஏழு மதிப்பெண் ஏறினாலே 20 வெள்ளி. இப்போது ஒன்பது ஏற வேண்டும். கட்டுப்படியாகாது" என்கிறான். கணக்கு வராத பிள்ளை போடும் கணக்கைப் பாருங்கள்!

இரண்டாம் தாளில் நீண்ட கணக்குகளைத் தொடாமலே விட்டுவிட்டு வருகிறான். நான் இரவு வேலைக்குப் போகிறவள். அவன் அருகில் உட்கார வாரத்தில் இரண்டு மாலைதான் கிடைக்கும். கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறலாமா? பெற்றால், வேறு என்ன சொல்லி அவனைப் படிக்க வைப்பது?

செங்காங் அப்பா:
வாக்கை மீறாதீர்கள் அக்கா, அப்புறம் நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது. அது ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த ஒன்பது மதிப்பெண்ணும் அவன் தொடாமல் விடும் கணக்குகளில்தான் கிடக்கிறது. இறுதி விடை தவறினாலும் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு என்பது அவனுக்குத் தெரியுமா?

நான் தஞ்சாவூரில் படித்தவன். மகனுக்கு உதவ உட்கார்ந்தால் எதற்கெடுத்தாலும் 'எக்ஸ் என்று வைத்துக்கொள்' என்பேன். அவனோ, ஆசிரியர் தெரியாத அளவைக் கட்டமாக வரையச் சொன்னார் என்பான். இரண்டு மாலை இதே சண்டை. கட்டம் வரைந்து கணக்குப் போடும் முறை 1980களில் இங்கே சிங்கப்பூரிலேயே உருவானதாம். எனக்கு எங்கே தெரியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பாடநூலை வாங்கி நானே வரைந்து பார்த்தேன். என் கட்டங்களைச் சிவப்புப் பேனாவால் திருத்தி எனக்கு 10க்கு 4 போட்டான். பொடியனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்! அன்று மூன்று கணக்கை யாரும் சொல்லாமலே போட்டான்.

ஜூரோங்வாசி:
காசு கொடுப்பது பாவமா? நமக்கு மட்டும் போனஸ் வேண்டுமாம். உங்கள் விதிதான் கோணல். மதிப்பெண்ணுக்குக் கொடுக்காதீர்கள். தெரியாத கணக்கிலும் முதல் வரியை எழுதினால் 10 காசு என்று மாற்றுங்கள். துணைப்பாட வகுப்பை விட மலிவு.

தேக்கா பாட்டி:
மகளே, காசு விவகாரத்தை நீங்களே பேசிக்கொள்ளுங்கள். அவன் எதில் தடுமாறுகிறான், பின்னத்திலா? தொடக்கநிலை 5இல் பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கச் சொல்வார்கள். என் பேத்தியும் அதில்தான் அழுதாள். அரைக்கால் என்றால் என்ன என்று கேட்டேன். விழித்தாள். காலில் அரை, எட்டில் ஒன்று. அரையைக் காலால் பெருக்கினால் வரும் விடை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதில் பாதி மாகாணி, பதினாறில் ஒன்று. வீசம் என்றும் சொல்வோம். சனிக்கிழமை தேக்கா சந்தையில் கால் கிலோ, அரை கிலோ என்று அவளையே விலை சொல்ல வைப்பேன். மீன்காரர் சிரிப்பார். அவருக்கென்ன, வியாபாரம் நடக்கிறது.

உட்லண்ட்ஸ் அம்மா:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். 75 வந்தால் 20 வெள்ளி என்ற வாக்கு அப்படியே இருக்கிறது, புதிதாக எதுவும் சொல்லவில்லை. வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு என்றதும், "அப்படியானால் எழுதி வைப்பது லாபம்தான்" என்றான். வியாபாரப் புத்தி மாறவில்லை. நானும் கட்டம் வரைந்து பார்த்தேன், எனக்கு 10க்கு 3. பாட்டி சொன்ன அரைக்காலைச் சொன்னபோது முதலில் கிண்டல் செய்தான். நேற்று நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வழிமறித்து, "மாகாணியில் பாதிக்கு என்ன பெயர்?" என்று கேட்டான். முப்பத்திரண்டில் ஒன்று என்பதை அவனே கண்டுபிடித்துவிட்டான், பெயர்தான் வேண்டுமாம். பாட்டி, அதற்கும் பெயர் உண்டா?

தேக்கா பாட்டி:
ஏன் இல்லாமல்? அரைவீசம். அதிலும் பாதியை அவனையே சொல்லச் சொல்.