கயிறே இல்லாம பாறை ஏறுறவங்கள்ல யாருங்க பெரிய கை? ஒரு பஞ்சாயத்து தீத்து வைங்க

ஒத்தக்கடை_பய:

அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம். நானும் எங்க மாமா பையனும் ஃப்ரீ சோலோ வீடியோவா பாத்துப் பாத்து இப்ப வீட்ல சாப்பிட உக்காந்தா கூட இதே சண்டைதான். அவன் சொல்றான் அலெக்ஸ் ஹானால்ட் ஒருத்தர்தான், மத்தவன் எவனும் வரிசைலயே நிக்க முடியாது, 2017 ஜூன் 3ஆம் தேதி அமெரிக்கால யோசெமிட்டி பள்ளத்தாக்குல எல் கேப்பிட்டன் பாறைல ஃப்ரீரைடர் ரூட்ட கயிறு இல்லாம 3 மணி 56 நிமிஷத்துல ஏறுனாருல்ல, அதோட பேச்சு முடிஞ்சுச்சுங்கிறான். கிட்டத்தட்ட 900 மீட்டர் பாறை அது, நம்ம மீனாட்சியம்மன் கோவில் தெக்கு கோபுரத்த ஒண்ணு மேல ஒண்ணா பதினஞ்சுக்கு மேல அடுக்குனாத்தான் அந்த ஒசரம் வரும், நான் இல்லேங்கல. ஆனா எனக்கு டான் ஆஸ்மன்தான் புடிக்கும், கலிஃபோர்னியால லவ்வர்ஸ் லீப் பாறைல பேர்ஸ் ரீச்ங்கிற ரூட்ட 4 நிமிஷம் 25 செகண்டுல ஓடி ஏறுவாரு பாருங்க, ஒரு எடத்துல ரெண்டு கையையும் விட்டு தாவிப் புடிப்பாரு, எத்தன தடவ பாத்தாலும் வயித்துல புளியக் கரைக்கும். மனுசன் கடைசில இதுலயே விழுந்து செத்தாரு, அதனால அவர லிஸ்ட்ல சேக்கக் கூடாதுங்கிறான் இவன். செத்தா மார்க் கொறையுமா? அப்பறம் பில்டிங் ஏறுற அலேன் ராபேர் கணக்குல வருவாரா? எதை வச்சு வரிசை போடுறது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாறைப்பல்லி:

தம்பி மொதல்ல ஒண்ணு, ஆஸ்மன் ஃப்ரீ சோலோவுல சாகல. 1998 நவம்பர்ல யோசெமிட்டில லீனிங் டவர்ல இருந்து கயித்தக் கட்டிக்கிட்டு குதிச்சப்ப கயிறு அறுந்து போனாரு, அது அவரு தனியா வச்சிருந்த வேற வெளையாட்டு. இன்னொண்ணு, ஃப்ரீ கிளைம்பிங் வேற ஃப்ரீ சோலோ வேற. கயிறு இருக்கும், ஆனா விழுந்தா புடிக்க மட்டுந்தான், அதப் புடிச்சுத் தொங்கி ஏற மாட்டாங்க, அது ஃப்ரீ கிளைம்பிங். 2015ல டாமி கால்டுவெல்லும் கெவின் ஜோர்கசனும் எல் கேப்பிட்டன்ல டான் வால்ங்கிற சுவர ஏறுனது அந்தக் கணக்கு. சோலோன்னா ஷூவும் கை வேர்த்து வழுக்காம இருக்க சாக் பவுடர் பையும் மட்டும், தப்பு பண்ணா அவ்ளோதான்.

இப்ப என் வோட்டு. ஹான்ஸ்யோர்க் ஆவர். பல பேருக்கு பேரே தெரியாது. ஆஸ்திரியாக்காரரு, 2007 ஏப்ரல் 29, இத்தாலில மர்மொலாடா தெக்குச் சுவர், ஃபிஷ்னு சொல்ற ரூட்டு, 37 பிட்ச், அதாவது கயித்து நீளக் கணக்குல 37 துண்டு, கஷ்டமான எடத்துக்கு கிரேடு 7பி பிளஸ் (நம்பரும் எழுத்தும் ஏற ஏற கஷ்டம் கூடும்), 2 மணி 55 நிமிஷத்துல முடிச்சாரு. அதுக்கு முன்னாடி அந்த ரூட்ட அவரு ஒரே ஒரு தடவதான் ஏறியிருந்தாரு, அதுவும் சில வருசம் முன்ன. மொத நாள் மேல இருந்து கயித்துல எறங்கி கஷ்டமான எடத்த ஒரு பார்வ பாத்துக்கிட்டாரு, அம்புட்டுத்தான் ரிகர்சல். வீட்ல கூட சொல்லல. கேமரா டீம் கெடையாது. அது சுண்ணாம்புக்கல் பாறை வேற, யோசெமிட்டி கிரானைட் மாதிரி நம்பிக் கைய வைக்க முடியாது.

ஹானால்ட் ஃப்ரீரைடர்ல எங்க எந்த வெரல வைக்கணும்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தாரு. 600 மீட்டருக்கு மேல போயி பவுல்டர் ப்ராப்ளம்னு ஒரு எடம் வரும், கட்டைவெரல் நுனி மட்டும் தாங்குற புடி, அதுல இருந்து கராத்தே உதை மாதிரி கால எதிர்ச் சுவத்துக்கு எட்டிப் போடணும், அத அவரு கயிறு கட்டி எத்தனையோ தடவ செஞ்சு பாத்த பெறகுதான் சும்மா போனாரு. ரெண்டும் பெரிய வேலைதான். ஆனா தைரியம்னு பாத்தா எனக்கு ஆவர் ஒரு படி மேல.

வைகைக்கரை_மைனர்:

பல்லி அண்ணே உங்க மேல மரியாத இருக்கு ஆனா இத ஒத்துக்க மாட்டேன். ரிகர்சல் பண்ணா மார்க் கொறையுமா, இது என்ன பரீட்சைல பிட்டு அடிக்கிற கதையா? தயாராகுறதுதான் இந்த வித்தையே. ஹானால்ட் 2014 ஜனவரில மெக்சிகோவுல எல் செண்டேரோ லுமினோசோ ஏறுறதுக்கு முன்னாடி நாள் கணக்கா கயித்துல தொங்கிக்கிட்டு புடிப்பு புடிப்பா செடியையும் மண்ணையும் சுத்தம் பண்ணாங்க அவரும் அவரு ஃப்ரெண்டும். அத எவன் வீடியோல ஒக்காந்து பாக்குறான், எல்லாருக்கும் கடைசி மூணு மணி நேரந்தான் வேணும்.

நான் அவர மேல வைக்கிறதுக்குக் காரணம் 2017 கூட இல்ல, 2016. அந்த வருசம் கேமரா எல்லாம் ரெடி, ஆளுக தொங்கிக்கிட்டு இருக்காங்க, மனுசன் இருட்டுல ஏற ஆரம்பிச்சாரு, கீழ்ப் பக்கம் ஃப்ரீபிளாஸ்ட்னு வழுக்குப் பாறை, கைக்கு ஒண்ணும் கெடையாது கால நம்பி நிக்கணும், அங்க போயி மனசு சரியில்லன்னு திரும்பிட்டாரு. அத்தன பேரு பாக்குறாங்க, படம் எடுக்குறாங்க, காசு செலவாகிருக்கு, அப்பவும் இன்னைக்கி வேணாம்னு எறங்குனாருல்ல அதுக்குத்தான் என் முழு மார்க். நம்மாளுகள்ல எத்தன பேரு நாலு பேரு பாக்குறப்ப பைக்க மெதுவா ஓட்டுவான் சொல்லுங்க.

இதே ஆளு 2008ல யோசெமிட்டில ஹாஃப் டோம் பாறை ஏறுறப்ப அப்படித் தயாராகல. உச்சிக்குக் கொஞ்சம் கீழ ஸ்லாப்புல, அதாவது புடி இல்லாத சாய்வான வழுக்குப் பாறைல, கால் வைக்க மனசு வராம அப்படியே நின்னுட்டாரு, மேல டூரிஸ்ட்டுக பேசுற சத்தம் கேக்குது, இவரு அங்க தனியா மாட்டிக்கிட்டு கெடக்காரு. தப்பிச்சு ஏறிட்டாரு, ஆனா அத அவரு நல்ல சோலோன்னு சொல்லிக்கிட்டதில்ல.

பழைய ஆளுகளையும் விட்றாதீங்க. ஜான் பக்கர் 1981லயே யோசெமிட்டில நோட்டீஸ் ஒட்டுனாரு, ஒரு நாள் முழுக்க என் பின்னாடியே சோலோ ஏறி வர்றவனுக்கு 10,000 டாலர்னு. ஒருத்தன் வரல. பீட்டர் க்ராஃப்ட் 1987ல யோசெமிட்டில ஆஸ்ட்ரோமேன், ரோஸ்ட்ரம்னு ரெண்டு பெரிய ரூட்டையும் ஒரே நாள்ல முடிச்சாரு, அத இன்னொருத்தன் செய்ய இருவது வருசம் ஆச்சு, அது யாருன்னா 2007ல ஹானால்ட். அதுவரைக்கும் இவரு யாருன்னே வெளில தெரியாது.

மேலூர்க்காரி:

மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சேன், ஒரு பொம்பளப் பேரு இல்ல. காதரின் டெஸ்டிவெல் தெரியுமா யாருக்காச்சும்? 1987லயே ஆப்பிரிக்கால மாலி நாட்ல பாண்டியகாரா பாறைகள்ல கயிறு இல்லாம ஏறுன பிரெஞ்சுக்காரம்மா. 1992 குளிர் காலத்துல சுவிட்சர்லாந்துல ஐகர் மலையோட வடக்கு முகத்த தன்னந்தனியா 17 மணி நேரத்துல ஏறுனாங்க, அது பனியும் பாறையும் கலந்த எடம், ஃப்ரீ சோலோ கணக்குல நேரா வராது ஒத்துக்கிறேன், ஆனா அந்த மன உறுதிய எங்க கொண்டு போயி வைப்பீங்க? ஸ்டெஃப் டேவிஸ் 2007ல கொலராடோ லாங்ஸ் பீக்ல டயமண்ட் முகத்த சோலோ ஏறுனாங்க, மலை உச்சி 4,300 மீட்டருக்கு மேல, அந்த ஒசரத்துல மூச்சு வாங்குறதே ஒரு வேல, மதியத்துக்கு மேல இடி மின்னல் வேற வந்துரும்.

நம்பர் ஒன்னு யாருன்னு என்னக் கேட்டா நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு கஷ்டம், எவ்வளவு ஒசரம், முன்னாடி எவ்வளவு தெரியும், இந்த மூணையும் ஒரே தராசுல போட முடியாது. அலெக்சாண்டர் ஹூபர் 2004ல கொம்யூனிஸ்ட்னு ஒரு ரூட்ட சோலோ பண்ணாரு, கிரேடு 8பி பிளஸ், கஷ்டத்துல ஃப்ரீரைடர விட எங்கயோ மேல, ஆனா நீளம் கம்மி. இப்ப அவரா ஹானால்டா? பதில் சொல்லுங்க பாப்போம் மைனரு.

வைகைக்கரை_மைனர்:

அக்கா நீங்க நல்லா மாட்டி விடுறீங்க. ஹூபர் அதுக்கு முன்ன 2002ல இத்தாலில டோலமைட்ஸ் மலைல சீமா கிராண்டே வடக்குச் சுவரையும் சோலோ பண்ண ஆளு, அதனால குட்டைப் பாறைக்காரருன்னு ஒதுக்க முடியாது. சரி அவரு மூணாவது. இதுக்கு மேல எறக்க மாட்டேன் ஏத்தவும் மாட்டேன்.

தேனிக்காரன்:

எல்லாரும் வெள்ளக்காரனையே பேசுறீங்க, நம்ம பக்கத்து ஆளு ஜோதிராஜ் எங்க போனாரு? பொறந்தது எங்க தேனி மாவட்டம், பேரு வாங்குனது கர்நாடகா சித்ரதுர்கா கோட்டைல. கொரங்கு ஏறுறதப் பாத்துப் பாத்துப் பழகுனவரு, கோத்தி ராஜான்னுதான் அங்க சனம் கூப்புடும், கன்னடத்துல கோத்தின்னா கொரங்கு. கோட்டைச் சுவத்துல கயிறு கியிறு ஒண்ணும் இல்லாம சர்ருனு ஏறி நடுவுல தலைகீழா தொங்கிக் காட்டுவாரு. கோச்சும் இல்ல கிரேடும் இல்ல ஸ்பான்சரும் இல்ல. அதுக்கும் மேல சொல்றேன், எங்க ஊருப்பக்கம் பனையேறிக காலுல தளநார மாட்டிக்கிட்டு வெயில்ல ஒரு நாளைக்கி எத்தன மரம் ஏறி எறங்குறாங்க, விழுந்தா அவங்களுக்கும் அதே கதிதான். அவங்களுக்கு யாரு அவார்டு குடுத்தா?

பாறைப்பல்லி:

தேனி அண்ணே ஜோதிராஜ் விசயத்துல உங்க கட்சி நானு. அந்தக் கோட்டைச் சுவரு அடுக்குக் கல்லு, சந்துல வெரல் போகும், அதனால யோசெமிட்டி கிரேடு போட்டு ஒப்பிட முடியாதே ஒழிய அந்த ஆளோட ஒடம்பு வாகு, பயமில்லாத நிதானம் ரெண்டும் பெரிய விசயம். பனையேறிய மட்டும் இதுல சேக்காதீங்க, சேத்தா அவங்களத்தான் கொறச்ச மாதிரி ஆகும். அவங்க வயித்துப் பாட்டுக்கு ஏறுறாங்க, வேணாம்னு திரும்பி வர்ற சொகுசு அவங்களுக்குக் கெடையாது. சோலோக்காரனுக்கு ஏறணும்னு எவனும் கட்டாயப்படுத்தல.

செத்தா மார்க் கொறையுமான்னு தம்பி கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. பக்கர் 2009 ஜூலைல, 52 வயசுல, மாமத் லேக்ஸ் பக்கத்துல டைக் வால்ல சோலோ ஏறுறப்பத்தான் விழுந்தாரு, முப்பது வருசத்துக்கு மேல தெனம் மாதிரி செஞ்ச வேலைல. டெரெக் ஹெர்சி 1993ல சென்டினல் பாறைல. ஆனா மைக்கேல் ரியர்டன் 2007ல அயர்லாந்துல ஏறி எறங்குன பெறகு கடலோரமா நிக்கிறப்ப அலை இழுத்துட்டுப் போச்சு. ஆவர் 2019ல கனடால பனிச்சரிவுல. டீன் பாட்டர் 2015ல விங்சூட்ல, அதாவது றெக்கை வச்ச உடுப்பப் போட்டுக்கிட்டு குதிச்சுப் பறக்குறப்ப. வுல்ஃப்காங் குல்லிச் 1986ல செப்பரேட் ரியாலிட்டின்னு கூரை மாதிரி தொங்குற விரிசல கயிறில்லாம ஏறுனவரு, கார் ஆக்சிடென்ட்ல போனாரு. இதுல எதுக்கு மார்க் கொறைப்ப எதுக்கு விடுவ? நான் சாவ கணக்குலயே எடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, உசுரோட இருக்கவன் வீடியோதான் நமக்குத் திரும்பத் திரும்ப வரும், அத வச்சு இது ஏதோ பத்திரமான வெளையாட்டுன்னு நெனைக்கிறது தப்பு.

அலேன் ராபேர் கேட்டியே. கண்ணாடி பில்டிங்க வச்சு அவர எடை போடாத, அதுக்கு முன்ன பிரான்ஸ்ல பாறைல 8ஏ பிளஸ் சோலோ பண்ண ஆளு, அதுவும் 1982ல பெருசா விழுந்து இனி ஏறவே முடியாதுன்னு டாக்டருக சொன்னதுக்கு அப்பறம். புர்ஜ் கலீஃபா 2011ல ஏறுனது மட்டும் கயிறு கட்டித்தான், அத சோலோன்னு பரப்புறாங்க.

ஒத்தக்கடை_பய:

அண்ணே அக்கா எல்லாருக்கும் நன்றி. ஆவர் பத்தித் தேடிப் படிச்சேன், மாமா பையன் வாய மூடிட்டான் ஆனா தோத்தேன்னு ஒத்துக்க மாட்டேங்கிறான். ஒரு சந்தேகம், கேட்டா திட்டாதீங்க. எங்க ஒத்தக்கடை ஆனைமலைல சின்னதா ஒரு பக்கம் சும்மா ஏறிப் பாக்கலாமா, முப்பது நாப்பது அடி மட்டும்?

மேலூர்க்காரி:

திட்டத்தான் போறேன். முப்பது அடி சாவுறதுக்குத் தாராளமா போதும். நம்ம பக்கத்துப் பாறை மேலாப்புல ஏடு ஏடா கழலும், கையால தட்டிப் பாரு, டொக்குனு சத்தம் வந்தா உள்ள ஒட்டிருக்கலன்னு அர்த்தம், அதப் புடிச்சுத் தொங்குனா கல்லோட சேந்து நீயும் வருவ. பத்து மணிக்கு மேல வெயில்ல பாறை சுடும், வேர்த்து வழியும், எந்தப் பவுடரும் நிக்காது. குடைவு இருக்க எடத்துல மலைத்தேனீ அடை தொங்கும், அதக் கலைச்சு விட்டா பாதிச் சுவத்துல நின்னுக்கிட்டு என்ன செய்வ? அதோட அங்க சமணர் சிற்பம், கல்வெட்டு எல்லாம் பாதுகாக்கப்பட்ட எடம், அது மேல கால வைக்கிறதே குத்தம்.

பாறைப்பல்லி:

அக்கா சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. ஆசைய அடக்க வேணாம் தம்பி, எடத்த மாத்து. பெங்களூர் பக்கம் ராமநகரா இருக்கு, லீவுல வட கர்நாடகால பாதாமி போ, செவப்பு மணற்கல்லு, போல்ட் அடிச்ச, அதாவது கயிறு மாட்ட பாறைல ஆணி பதிச்ச ரூட்டு எக்கச்சக்கம், கணேஷான்னு 8பி பிளஸ் ரூட்டே அங்க இருக்கு. நீ மொதல்ல 5ஆம் கிரேடுல கயித்தோட விழப் பழகு. ஷூ சொந்தமா வாங்கிராத, அங்க வாடகைக்குக் கேட்டுப் பாரு. மாமா பையனையும் இழுத்துட்டுப் போ, ஒருத்தன் ஏறுறப்ப கயித்தப் புடிக்க இன்னொருத்தன் வேணும்ல, அப்பவாச்சும் ரெண்டு பேரும் சண்டை போடாம இருப்பீங்க.