அரசியல் பேச்சு வானொலி இரவோடிரவாக விளையாட்டு வானொலி ஆனது ஏன்?

கேள்வி

அமெரிக்காவில் நான் வசிக்கும் நகரத்தில் ஏ.எம். வானொலி நிலையம் ஒன்று பல ஆண்டுகளாக அரசியல் பேச்சு நிகழ்ச்சிகளை மட்டுமே ஒலிபரப்பி வந்தது. காலையில் உள்ளூர்த் தொகுப்பாளர் ஒருவர் நகராட்சியின் வரவு செலவு, பள்ளி வாரியத் தேர்தல், சொத்து வரி உயர்வு என்று பேசி, நேயர்களின் அழைப்புகளுக்கும் பதில் சொல்வார். நண்பகலுக்குப் பிறகு நாடு முழுவதும் கேட்கப்படும் பெரிய நிகழ்ச்சிகள் வரும். சென்ற வெள்ளிக்கிழமை அந்த நிகழ்ச்சிகள் எவ்வித அறிவிப்புமின்றி நின்று, பாடல்கள் ஒலிக்கத் தொடங்கின. திங்கட்கிழமை அதே அலைவரிசையில் முழுநேர விளையாட்டுப் பேச்சு. தொகுப்பாளரின் கருத்துகளில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடில்லை என்றாலும், நகர மன்றத்தில் நடப்பதை அவரைப் போல் விடாமல் பின்தொடர்ந்தவர் வேறொருவர் இங்கு இல்லை. இதன் பின்னணியில் அரசியல் அழுத்தம் இருக்குமா? வானொலி, தொலைக்காட்சியை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அரசின் எஃப்.சி.சி. ஆணையத்திடம் முறையிட வழி உண்டா?

மறுமொழி 1

முறையிடலாம், ஆனால் பயன் இராது. அந்த ஆணையம் அலைவரிசைக்கு உரிமம் வழங்குகிறதே தவிர, அதில் அரசியல் பேச வேண்டுமா, பாட்டுப் போட வேண்டுமா என்பதில் தலையிடுவதில்லை. நியூயார்க்கில் செவ்வியல் இசை நிலையமாக இருந்த டபிள்யூ.என்.சி.என். தன் நிகழ்ச்சி வடிவத்தை, அதாவது எவ்வகை நிகழ்ச்சிகளை ஒலிபரப்புவது என்பதை, மாற்றியபோது நேயர்கள் தொடங்கிய போராட்டம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நிகழ்ச்சி வடிவத்தைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிடும் ஆணையத்தின் கொள்கை செல்லும் என்று 1981-இல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றுவரை நிலைமை அதுதான்.

சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினைகளில் இரு தரப்புக்கும் இடமளிக்க வேண்டும் என்ற 1949-ஆம் ஆண்டின் விதியைச் சிலர் இங்கு நினைவூட்டக்கூடும். அது 1987-இல் கைவிடப்பட்டது. ஒருதலைச் சார்பான அரசியல் பேச்சு நாள் முழுவதும் ஓடும் நிலையங்கள் பெருகியதே அதன் பிறகுதான். அந்த விதி இன்று உயிரோடு இருந்தாலும், பேச்சை நிறுத்திவிட்டு விளையாட்டுக்கு மாறுவதை அது தடுத்திருக்காது.

மறுமொழி 2

நான் சில ஆண்டுகள் ஒரு வானொலிக் குழுமத்தில் விளம்பர நேரம் விற்றவன். அரசியல் அழுத்தத்தைத் தேடுவதற்கு முன் நேயர்களின் வயதைப் பாருங்கள். வானொலி விளம்பரத்தில் பெரும் பணம் 25 முதல் 54 வயது வரையிலான நேயர்களைக் குறிவைத்தே செலவிடப்படுகிறது. அரசியல் பேச்சைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் அந்த வரம்பைத் தாண்டியவர்கள். மொத்த நேயர் கணக்கில் நகரத்திலேயே முன்னணியில் நிற்கும் நிலையம்கூட, நேயர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தின் அறிக்கையில் அந்த வயதினருக்கான பத்தியில் கீழே கிடந்தால், விற்பனைப் பிரிவுக்கு அது சுமைதான்.

இன்னொன்றும் உண்டு. பெரிய நிறுவனங்களின் விளம்பர ஆணையிலேயே, சர்ச்சைக்குரிய பேச்சு நிகழ்ச்சிகளில் இதை ஒலிபரப்பக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். 2012-இல் புகழ்பெற்ற வலதுசாரி வானொலித் தொகுப்பாளர் ரஷ் லிம்பா ஒரு சட்டக் கல்லூரி மாணவியைப் பற்றிச் சொன்ன சொற்களால் பல விளம்பரதாரர்கள் விலகியபோது இந்தத் தயக்கம் இன்னும் இறுகியது. எஞ்சியவை தங்க நாணயம், சத்து மாத்திரை, காது கேட்கும் கருவி போன்றவை. அவையும் பெரும்பாலும் மலிவு விலைக்கு வாங்கப்பட்ட நேரங்கள். இது வலதுசாரிப் பேச்சுக்கு மட்டும் நேர்ந்ததன்று. தாராளவாதிகளுக்காக 2004-இல் தொடங்கப்பட்ட ஏர் அமெரிக்கா என்ற பேச்சு வானொலி வலையமைப்பு 2010-இல் மூடப்பட்டதற்கும் பணமே காரணம்.

நாடு தழுவிய நிகழ்ச்சிகளை நிலையங்கள் பெரும்பாலும் பணம் கொடுத்து வாங்குவதில்லை. நிகழ்ச்சிக்குள் சில நிமிட விளம்பர நேரத்தைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுத்தால் போதும். ஆகவே அவற்றால் பெரிய செலவில்லை. ஊதியம், காப்பீடு, அழைப்புகளை வடிகட்டும் உதவியாளர் எனச் செலவு வைப்பது உங்கள் காலைத் தொகுப்பாளர்தான். உரிமையாளர் கடனில் இருக்கும் குழுமமாக இருந்தால் முதலில் விழும் வெட்டும் அங்கேதான்.

விளையாட்டின் பக்கம் ஏன் போனார்கள் என்பதற்கு விடை 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இருக்கிறது. விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்க இருந்த தடையை உச்ச நீதிமன்றம் நீக்கிய பிறகு, பந்தய நிறுவனங்களின் விளம்பரப் பணம் வானொலிக்குள் கொட்டத் தொடங்கியது. பேச்சு வானொலிக்கே பெயர் பெற்ற சான் ஃபிரான்சிஸ்கோவின் கே.ஜி.ஓ. 810 நிலையம், 2022 அக்டோபரில், ஒரே வாரத்துக்குள் விளையாட்டுப் பந்தய நிலையமாக மாறியது. உங்கள் நகரத்தில் நடந்தது அதன் சிறு நகல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி 3

தொகுப்பாளரை விடைபெறக்கூட விடாததற்கும் காரணம் உண்டு. வேலை போகப்போகிறது என்று தெரிந்த ஒருவரிடம் நேரலை ஒலிவாங்கியை ஒப்படைக்க எந்த மேலாளரும் துணிவதில்லை. அதனால் நிகழ்ச்சி முடிந்ததும் தனியறைக்கு அழைத்துச் செய்தியைச் சொல்லி, அடையாள அட்டையை வாங்கிக்கொள்வார்கள். இடையில் நீங்கள் கேட்ட பாடல்கள் ஊரின் கவனத்தை இழுப்பதற்கான வேடிக்கை. அந்த நேரத்திலும் மணிக்கு ஒரு முறை நிலையத்தின் அடையாளமான அழைப்பெழுத்துகளையும் (கே.ஜி.ஓ. போன்றவை) உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் சொல்லியிருப்பார்கள். அதை மட்டும் விதி விடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சதி இல்லை, கணக்குதான் என்பது புரிகிறது. புரிந்த பிறகு கோபம் சற்று கூடியிருக்கிறது. பிற்பகல் நிகழ்ச்சிகள் இணையத்தில் எங்கும் கிடைக்கின்றன. போனது காலை நேரம் மட்டுமே. அதற்காக ஒரு நேயர் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா?

மறுமொழி 1 எழுதியவர்

ஓரளவு உண்டு, ஐயா. வடிவம் எதுவாயினும், உள்ளூர்ப் பிரச்சினைகள் குறித்து என்னென்ன ஒலிபரப்பினோம் என்ற பட்டியலை ஒவ்வொரு நிலையமும் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை தன் பொதுக் கோப்பில் பதிவேற்றியாக வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் அதைப் படிக்கலாம். முழுநேர விளையாட்டு நிலையங்கள் பல, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஓடும் அரைமணி நேர நேர்காணலைக் காட்டி இந்தக் கடமையை முடித்துக்கொள்கின்றன. உரிமம் 8 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. அடுத்த சுற்று 2027-இல் தொடங்கி மாநிலவாரியாக நடைபெறும். வடிவம் மாறியதைக் காரணம் காட்டி அப்போது எதிர்க்க முடியாது. உள்ளூர்ச் சேவை இல்லை என்பதைப் பட்டியலைக் கொண்டே சுட்டிக்காட்டலாம். அதனால் உரிமம் பறிபோகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இதைவிட விரைவாகப் பலன் தரக்கூடியவர்கள் காலை நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுத்து வந்த உள்ளூர்க் கடைக்காரர்கள். அவர்களில் சிலர் ஆதரவைத் தொடர்வதாகச் சொன்னால், தொகுப்பாளர் வேறொரு சிறு நிலையத்திலோ பாட்காஸ்டிலோ நிகழ்ச்சியைத் தொடர வழி பிறக்கும். ஆனால் உடனே அவர் குரல் கேட்காது. போட்டி நிலையத்தில் சில மாதங்கள் பேசக் கூடாது என்ற பிரிவு இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும். சில மாநிலங்கள் ஒலிபரப்பாளர்களுக்கு அதைத் தடை செய்திருக்கின்றன. உங்கள் மாநிலச் சட்டத்தை முதலில் பார்த்துவிட்டு அவருக்கு எழுதுங்கள்.