பழைய படங்கு (கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் முரட்டுத் துணி), பிள்ளையைத் தூங்கவைக்கும் ஏணைச் சேலை யாரிடமாவது இருக்கிறதா?

அக்காமாரே, தங்கச்சிமாரே, ஹட்டனில் சின்னதாக ஒரு ஓவியக் காட்சி வைக்கப் பார்க்கிறேன், உங்கள் உதவி வேண்டும். தேயிலைப் பெட்டியில் கூடையோடு சிரிக்கிற பெண்ணையும் கலண்டரில் பிள்ளையை அணைத்தபடி இருக்கிற அழகான தாயையும் பார்த்தே வளர்ந்தோம். என் அம்மா அப்படி இல்லை. விடிந்ததும் தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகம்) விட்டுவிட்டு மலைக்கு ஏறி, பால் கட்டி மார்பு வலிக்க வலிக்கக் கொழுந்து பறித்து, பின்னேரம் வந்து எங்கள்மேல் எரிந்து விழுவார். அந்த எரிச்சலையும் தாய்மை என்றே வரைய நினைக்கிறேன்.

இது புதிதில்லை. அமெரிக்கக் கலைஞர் மேரி கெல்லி 1973 முதல் 1979 வரை தன் மகனை வளர்த்ததையே கலைப்படைப்பாக்கினார். 1976இல் லண்டனில் மகனின் கறைபடிந்த அணையாடை உள்துணிகளைக் காட்சிக்கு வைத்ததும் பத்திரிகைகள் கொதித்தன. சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா 1999இல் தன் தாயை நினைத்துச் செய்தது 9 மீற்றருக்கு மேல் உயரமான சிலந்தி! அவருடைய அம்மா சித்திரம் நெய்த துணிகளைச் செப்பனிட்டவர், சிலந்தியும் நூலால் வலை பின்னிச் சரிசெய்வது, அதனால் சிலந்தி.

எனக்கு வேண்டியது லயத்துச் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சாமான்கள்தான். படங்கு, ஏணைச் சேலை, கூடைக் கயிறு, எதுவானாலும் சரி, தயவுசெய்து துவைக்காமல் தாருங்கள், அந்தத் தேயிலைக் கறை முக்கியம். அப்புறம், பிள்ளை பெற்ற பிறகு பட்ட கோபம், களைப்பு பற்றிப் பேச விரும்புகிற அம்மாமார் இருந்தால் சொல்லுங்கள். பெயர் போட மாட்டேன், முகத்தைப் படம் பிடிக்கவும் மாட்டேன். பதுளை, பண்டாரவளைப் பக்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.