வெதரிங் என்பதற்குப் ‘பாவனைத்தடம்’: கிளிநொச்சியிலிருந்து ஒரு முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

மாதிரி வாகனம் கட்டும் வேலைக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவில், கொடி, காம்பு என்ற இரண்டு சொற்களும் எல்லாருக்கும் பிடித்துப்போனதில் பெரிய மகிழ்ச்சி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: மாதிரிக் கார்ப் பெட்டியைத் திறந்தால் பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்ரிக் தண்டில் தொங்கிக்கொண்டிருக்குமே, அந்தத் தண்டு கொடி, பாகத்தைத் தண்டோடு பிடித்துவைத்திருக்கும் சின்னத் துண்டு காம்பு. இங்கே என்னிடம் பழக வரும் பிள்ளைகளிடம் “மாங்காய் பறிக்கிற மாதிரிக் காம்போடு வெட்டு, மிச்சத்தைப் பிறகு சீவு” என்று சொன்னால் போதும், ஒருவரும் ஒட்ட வெட்டிப் பாகத்தில் வெள்ளைத் தழும்பு விழுத்துவதில்லை. அந்த விவாதம் முடிந்தது, விடுவோம்.

இப்போது வெதரிங். கட்டி முடித்து, நிறம் தெளித்து, மினுக்கி வைத்த காரின்மேல் புழுதி, சேறு, எண்ணெய்க் கசிவு, கல் தெறித்த காயம் என்று ஒவ்வொன்றாகக் கையால் தீட்டி உண்டாக்கும் வேலை. குழுவில் இதுவரை வந்த சொற்கள் வானிலையாலழிதல், பழமையாக்கல், மூப்பூட்டல், அழுக்கேற்றல், அப்புறம் மதுரை ஐயா தந்த புழங்குதடம்.

வானிலையாலழிதல் இலங்கைப் பிள்ளைகளுக்குப் புவியியல் பாடத்தில் பழகிய சொல். வெயிலிலும் மழையிலும் பாறை உடைந்து மண்ணாவதற்கு அது மிகவும் பொருத்தம், அங்கேயே இருக்கட்டும். ஒரு காரின் கதவடியில் அப்பிய சேற்றுக்கு வானிலையும் காரணமில்லை, அங்கே எதுவும் அழியவும் இல்லை.

பழமையாக்கல் என்பதைத்தான் முதலில் நானும் ஆதரித்தேன். மனம் மாறியது, 1971ஆம் ஆண்டு கிழக்காபிரிக்க சஃபாரி ராலி என்ற கார் ஓட்டப் போட்டியில் வென்ற டட்சன் 240இசட் காரை 1/24 அளவில் கட்டும்போது. எட்கர் ஹெர்மனும் ஹான்ஸ் ஷூலரும் ஓட்டிய 11ஆம் இலக்கக் கார், சிவப்பு உடல், மங்கலான கறுப்பு பொனற். நாலு மீற்றருக்குச் சற்று அதிகமான அந்தக் கார் என் மேசையில் 17 சென்ரிமீற்றர். கட்டி முடித்து, “சரி, இனிப் பழமையாக்குவோம்” என்று தூரிகையை எடுத்தபோது கை நின்றுவிட்டது. எதைப் பழசாக்குவது? அந்தக் கார் ஓட்டத்துக்கு வந்தபோது பழைய கார் இல்லையே. அதில் துருப்பிடிக்க நேரமில்லை, நிறம் வெளிறவும் நேரமில்லை. சில நாட்களுக்குள் கென்யா, உகண்டா, தன்சானியா மண்ணெல்லாம் அதன்மேல் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். பழமை என்ற சொல்லை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் கை தானாகத் துருவைத் தேடிப் போகிறது. என்னிடம் வரும் பையன் ஒருவன் அப்படித்தான் கதவு இடுக்கெல்லாம் துரு நிறம் தீட்டிவிட்டான். அவனைக் குறை சொல்ல ஏலாது, நான் கொடுத்த சொல் அப்படி.

அழுக்கேற்றல் இதைவிடப் பரவாயில்லை. ஆனால் அது பாதி வேலையைத்தான் சொல்கிறது. அழுக்கு என்பது மேலே சேர்வது. ராலிக் காரில் இழந்ததும் இருக்கிறது: முன்சில்லு எறிந்த கல் பட்டு மட்காட் விளிம்பில் நிறம் உரிந்து உள்நிறம் தெரியும், அடித்தகடு தேய்ந்து வெள்ளையாக மினுங்கும். இதை அழுக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள். சேர்ந்ததும் போனதும் இரண்டும் அடங்கும் ஒரு சொல் வேண்டும்.

அந்தச் சொல்லை எனக்குத் தந்தது சித்தப்பாவின் கராச்.

போரால் மூடிக்கிடந்த கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதி 2002இல் திறந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். சித்தப்பா கிளிநொச்சியில் கராச் வைத்திருந்தார். வருகிற வாகனத்தின் கீழே குனிந்து பார்த்துவிட்டு “புதுக்குடியிருப்புப் பக்கத்தால வாறியள் போல” என்பார். கிறவல் (சரளை மண்) புழுதி செம்மஞ்சளாக அடித்தகடு முழுக்க மாவு பூசினமாதிரி ஒட்டியிருக்கும். முருங்கன் பக்கமிருந்து மழைக்காலத்தில் வந்த வாகனமென்றால் மட்காட்டுக்குள் கரிய களி கட்டிகட்டியாக இறுகி, காய்ந்து வெடித்து இருக்கும். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கு அள்ளிப்போன அதே முருங்கன் களிதான். 90களில் பெற்றோல் இல்லாத நாட்களில் மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 கார்களில் புகைக்குழாய் வாயைச் சுற்றிக் கரி படிந்திருக்கும், சித்தப்பா அதை விரலால் தொட்டுப் பார்த்தே எஞ்சின் எப்படி ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவருக்கு அது அழுக்கும் இல்லை, பழமையும் இல்லை. பாவித்த தடம். “வாகனம் எப்படிப் பாவிச்சிருக்கெண்டு தடம் சொல்லும்” என்பது அவர் வாயில் அடிக்கடி வரும்.

அதனால் என் முன்மொழிவு: பாவனைத்தடம்.

இங்கே பாவனை என்றால் பயன்பாடு. பாவித்த வாகனம், நீர்ப்பாவனை, பாவனையாளர் என்று பத்திரிகையிலும் கந்தோரிலும் கடையிலும் நாளாந்தம் ஓடும் சொல். ஒரு பொருள் பாவனையில் இருந்ததால் விழுந்த தடம் பாவனைத்தடம், அவ்வளவு நேரடியான பொருள். தடம் என்பதில் சேர்ந்ததும் போனதும் இரண்டும் அடங்கிவிடும். மணலில் காலடித்தடம் என்றால் மண் பள்ளமாகிறது, சிமெந்துத் தரையில் சேற்றுக்கால் தடம் என்றால் மண் சேர்கிறது. இரண்டையும் தடம் என்றே சொல்கிறோம்.

இதைத் தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் உடனே, “பாவனைத் தடமா, அதாவது நிஜத் தடம் மாதிரியே பாவனை செய்து தீட்டுவது, நல்லா இருக்கே” என்றார். நான் அப்படி யோசித்திருக்கவே இல்லை. அங்கே பாவனை என்றால் இருப்பதுபோல் காட்டுவது, குழந்தைகள் சோறு சமைப்பதாய்ப் பாவனை செய்வதுபோல. யோசித்துப் பாருங்கள், அதுவும் இந்த வேலைதான்! 17 சென்ரிமீற்றர்க் கார் ஆபிரிக்காவையும் பார்க்கவில்லை, கிறவல் வீதியையும் பார்க்கவில்லை. பார்த்ததாக நாம் காட்டுகிறோம். வன்னியில் ஒரு பொருளிலும் மதுரையில் இன்னொரு பொருளிலும் கேட்டு, இரண்டு பேருமே சரியாக விளங்கிக்கொள்ளும் சொல் இன்னொன்று எனக்குக் கிடைக்குமா தெரியவில்லை. இரு கரைக்குமிடையில் ஒரே சொல் வேறு பொருள் தருவது வழமையாக நம் குழுவில் சண்டைக்குத்தான் காரணமாகிறது, இந்த ஒருமுறை அது நமக்கு உதவியிருக்கிறது.

ரொறன்ரோ அக்கா பாவனை வடமொழி வேர் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான் அக்கா. அதற்காகத்தான் ஐயாவின் புழங்குதடத்தை இரண்டு வாரம் பிள்ளைகளோடு பேசிப்பார்த்தேன். ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகையாக அமைந்த அழகான சொல், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் புழங்குதல் என்றதும் என் காதுக்கு வீட்டுக்குள் நடமாடுவதும் ஆட்களோடு பழகுவதும்தான் முன்னால் வருகின்றன, பிள்ளைகளும் “வாகனம் புழங்குமா சேர்?” என்று கேட்டார்கள். பாவித்த கார் என்றால் இங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். வேர் எங்கிருந்து வந்தது என்பதைவிட இன்றைக்கு அது யார் வாயில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிது.

இன்னொரு காரணம், தடம் கிளைவிடும். மேசையில் சோதித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். புழுதித்தடம் என்றால் காய்ந்த தூள். மினுங்கும் பரப்பில் தூள் நிற்காது, முதலில் மங்கல் வார்னிஷ் தெளித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். நான் வீதியோரத்துக் கிறவல் தூளையே எடுத்தேன், ஆனால் அப்படியே தூவினால் கெட்டுப்போகும்: ஒரு மில்லிமீற்றர் மணி 1/24 அளவில் 24 மில்லிமீற்றர்க் கல்லாகிவிடும். வெயிலில் காயவைத்து, அம்மியில் அரைத்து, பழைய பருத்தி வேட்டித் துணியில் இரண்டு தரம் அரித்த பிறகுதான் புழுதி புழுதியாக நின்றது. சிவப்புக் காரில் செம்புழுதி தெரியாதே என்று பயந்தேன், கறுப்பு பொனற்றில் ஏறியதும் பயம் போய்விட்டது. காரின் பின்பக்கத்தில் இன்னும் கூடுதலாக ஏற்ற வேண்டும், ஓடும் வாகனம் தன் பின்னால் காற்றை இழுக்கிறது, புழுதி அங்கே சுழன்று படிகிறது. முல்லைத்தீவு பஸ்ஸின் பின் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதிய எல்லாருக்கும் இது தெரியும்.

சேற்றுத்தடம், கசிவுத்தடம், கல்லடித்தடம் இவை சொல்லும்போதே விளங்கும். எனக்கு மிகவும் பிடித்தது துடைப்புத்தடம். முன்கண்ணாடியில் வைப்பர் துடைத்த விசிறி வடிவம் மட்டும் தெளிவாக இருக்கும் அல்லவா, அந்த வடிவில் ஒட்டுநாடாவை வெட்டி ஒட்டிவிட்டுப் புழுதி தெளித்து, பிறகு உரித்தெடுப்பது. ஓட்டத்தின் நடுவே உதவியாளர்கள் துணியால் துடைத்துவிடும் முன்விளக்குகளும் இலக்கத் தகடும் அப்படித்தான். புழுதி இல்லாத இடம்கூட ஒரு தடம். ‘அழுக்கேற்றல்’ என்று வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு எப்படிப் பெயர் சொல்வது?

ஒன்றை மட்டும் இதற்குள் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கதவு இடுக்குகளில் நீர்த்த கறுப்பை ஓடவிட்டு மேலே துடைத்தெடுப்பது ஒரு நிழல் வேலை. ஓட்டமே காணாத புதுக் காருக்கும் அது தேவை. அதற்குத் தனியாக ஒரு சொல் தேடுவோம்.

வினைக்குத்தான் எனக்கு உங்கள் உதவி வேண்டும். தடமிடல் என்று எழுதிப் பார்த்தேன், சுருக்கமாக இருக்கிறது, ஆனால் அடையாளக் கோடு போடுவதுபோலவும் கேட்கிறது. தடமேற்றல் என்றால் துடைப்புத்தடத்துக்கும் கல்லடிக்கும் பொருந்தவில்லை. தடம் தீட்டல் என்று பிரித்தே எழுதலாமா? தீட்டுவதில் நிறம் தீட்டுவதும் இருக்கிறது, கத்தி தீட்டுவதுபோல் தேய்ப்பதும் இருக்கிறது. இந்த மாதம் வாசிகசாலைப் பிள்ளைகளுக்கு நாலு பக்கச் செய்முறைத் தாள் ஒன்று அடிக்க வேண்டும், அதில் இந்தச் சொல் வருகிறது. ஐயாவும் அக்காவும் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வார்த்தை எழுதினால் அதன்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து