பினிபாம் தண்ணீரில் கரையவே மாட்டேன் என்கிறது, உதவி தேவை

வேலூர்_வெயில்
எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு புராஜெக்ட். பாலி-என்-ஐசோபுரோப்பைல்அக்ரைலமைடு, அதாவது பினிபாம் என்ற பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு), 50 மில்லி தண்ணீரில் அரை கிராம் போட்டு 1% கரைசல் செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை. காலை 11 மணிக்குப் போட்டேன். வெள்ளையாகத் திரண்டு, ஸ்டிரர் மேக்னெட்டைச் சுற்றி பபிள்கம் மாதிரி ஒட்டிக்கொண்டது. ஹாட் பிளேட்டை 60 டிகிரிக்கு ஏற்றினேன். தண்ணீர் பால் மாதிரி ஆனதே தவிர கட்டி கரையவில்லை. சீனியர் அண்ணா "சூடான தண்ணீரில் தூவு" என்றுதான் சொன்னார். பாலிமர் கெட்டுப்போயிருக்குமா? புட்டி விலையை நினைத்தால் கைடிடம் சொல்லவே பயமாக இருக்கிறது.

ஊறவை
லேபில் இப்போது எத்தனை டிகிரி?

வேலூர்_வெயில்
ஏசி ஓடாமல் இரண்டு வாரம் ஆகிறது. சுவர் தெர்மாமீட்டரில் 36. ஏன் கேட்கிறீர்கள்?

ஊறவை
அதுதான் விஷயம் தங்கச்சி. பினிபாம் தண்ணீரில் கரைவது சுமார் 32 டிகிரி வரைதான். ஹாட் பிளேட்டைப் போடுவதற்கு முன்பே உங்கள் தண்ணீர் அதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை கரையாவிட்டால் சூடாக்குவோமே, அந்தப் பழக்கம் இங்கே தலைகீழ்.

சங்கிலியின் ஒவ்வொரு அலகிலும் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடும் அமைடு ஒன்று, தண்ணீரோடு ஒட்டாத ஐசோபுரோப்பைல் ஒன்று. குளிர்ச்சியில் தண்ணீர் மூலக்கூறுகள் ஐசோபுரோப்பைலைச் சுற்றி வரிசைகட்டி நிற்கும். அப்படி ஒழுங்காக நிற்பதால் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மை, குறைகிறது. கரையுமா கரையாதா என்று சொல்லும் டெல்டா ஜி சமன்பாட்டில் அந்த இழப்பை வெப்பநிலை பெருக்குகிறது, அதனால் சூடு ஏற ஏறக் கட்டுப்படியாகாது. தண்ணீர் விலகிவிடும். சங்கிலி சுருண்டு உருண்டையாகி, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டும். நீங்கள் பார்த்த பால் நிறம் அதுதான். ஹெஸ்கின்ஸ், கில்லே என்ற ஆய்வாளர்கள் 1968-இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். பாலிமர் கெடவில்லை, தன் குணத்தைக் காட்டியிருக்கிறது.

கட்டியைக் கொட்டிவிடாதீர்கள். பீக்கரை மூடி 4 டிகிரி பிரிட்ஜில் ராத்திரி முழுக்க விடுங்கள். நடுவில் எடுத்து லேசாகச் சுழற்றினால் போதும், வேகமாக அடித்தால் நுரைதான் மிச்சம்.

கேழ்வரகு_கூழ்
சீனியரைத் திட்ட வேண்டாம். அவர் சொன்னது மீத்தைல் செல்லுலோஸ் என்ற வேறொரு பாலிமருக்கான வைத்தியம். அதுவும் சூட்டில் கரையாது. அதனால்தான் 80 டிகிரி தண்ணீரில் தூவினால் பொடி ஒட்டாமல் பரவி நிற்கிறது, அப்புறம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் கரைகிறது. நேராகக் குளிர்ந்த தண்ணீரில் கொட்டினால், கொதிக்கிற உலையில் ராகி மாவைக் கொட்டின மாதிரி கட்டி தட்டும்: வெளியே வழவழ, உள்ளே உலர்ந்த மாவு. பாதி செய்முறைதான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. முழுசாக வந்திருந்தாலும் பினிபாமுக்கு உதவாது, அது சூட்டில் பிசின்.

சந்தேகப்_பிராணி
ராத்திரி முழுக்கக் குளிரில் இருந்தும் வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடி உருண்டைகள் மிதந்தால், சங்கிலிகள் குறுக்கே பிணைந்துவிட்டன என்று அர்த்தம். அது தண்ணீரை உறிஞ்சி உப்பும், கரையாது. அப்படி இருந்தால் மட்டும் புட்டியைச் சந்தேகப்படுங்கள்.

வேலூர்_வெயில்
கரைந்துவிட்டது! காலையில் எடுத்தபோது பீக்கரில் எதுவுமே போடாத மாதிரி இருந்தது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ஊற்றி உள்ளங்கையில் பொத்திப் பிடித்தேன். கை பட்ட பக்கத்திலிருந்து வெண்மை படர்ந்து, முழுக்க மோர் ஆகிவிட்டது. ஐஸில் வைத்தால் மறுபடி தெளிவு. வேலையை விட்டுவிட்டு இதையே பத்துத் தடவை செய்தேன்.

இன்னொரு சந்தேகம். பிபிஎஸ் பஃபரிலும் (பாஸ்பேட்டும் உப்பும் கலந்த தண்ணீர்) ஒரு கரைசல் செய்தேன். அது 30 டிகிரியிலேயே கலங்குகிறது. தப்பு எங்கே?

ஊறவை
தப்பே இல்லை, பஃபரில் உள்ள உப்பு. அயனிகளும் தண்ணீருக்குப் போட்டி போடுவதால் கலங்கும் புள்ளி ஓரிரண்டு டிகிரி இறங்கும். ஒரே செறிவில் பார்த்தால் பாஸ்பேட்டும் சல்பேட்டும் குளோரைடை விட அதிகம் இறக்கும். எந்தக் கரைசலில் அளந்தீர்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதாவிட்டால் வைவாவில் முதல் கேள்வி அதுதான்.

கலங்கும் புள்ளியை அளக்கும்போது நிமிடத்துக்கு அரை டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். சூடாக்கும் பிளாக் ஒரு வெப்பநிலை காட்டும், உள்ளே கரைசல் வேறொன்றில் இருக்கும். குளிர வைத்துத் தெளியும் புள்ளி கொஞ்சம் கீழே வரும், இரண்டையும் எழுதுங்கள்.

கேழ்வரகு_கூழ்
36 டிகிரி லேபில் வாட்டர் பாத் தானாக 20-க்கு இறங்காது, ஐஸ் போட்டுத்தான் தொடங்க வேண்டும். அப்புறம் கலங்கலை அளக்க யு.வி. கருவியில் வைக்கும் முன் குவெட்டின், அதாவது கரைசல் ஊற்றும் சின்னக் கண்ணாடிக் கலத்தின், வெளிப்பக்கத்தைத் துடையுங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் கண்ணாடி வியர்க்கும். அந்த வியர்வையைக் கலங்கல் என்று நினைத்து நான் ஒரு வாரம் கிராஃப் போட்டேன்.

வேலூர்_வெயில்
ஐயோ, நேற்று போட்ட மூன்று கிராஃபும் துடைக்காமல் எடுத்ததுதான். திரும்பப் போடுகிறேன் அக்கா.