பீர்ல எதுல ஆரம்பிக்கிறது? மூணு குடிச்சேன், மூணும் செட் ஆகல

புதுக்குடிமகன்:

எல்லாருக்கும் வணக்கம். முப்பத்திரெண்டு வயசுல தான் பீர் பக்கமே எட்டிப் பாக்குறேன், சிரிக்காதீங்க. போதை ஏறணும்ங்கிற ஆசை எல்லாம் இல்ல, இத்தனை வகை இருக்கே அப்படி என்னதான் வித்தியாசம்னு ஒரு ஆர்வக்கோளாறு, அவ்ளோதான்.

இதுவரைக்கும் மூணு குடிச்சிருக்கேன். முதல்ல ஒரு சாதா லாகர், ஐஸ் மாதிரி ஜில்லுனு குடுத்தாங்க, சோடா குடிச்ச மாதிரி போச்சு, நல்லாருந்துச்சா இல்லையான்னே சொல்லத் தெரியல. ரெண்டாவது, ஃப்ரெண்ட் ஒருத்தன் "பீர்னா இதான்டா"ன்னு ஒரு டபுள் ஐபிஏவ கைல திணிச்சான், ரெண்டு வாய்க்கு மேல இறங்கல, வேப்பங்கொழுந்த அரைச்சு ஊத்துன மாதிரி கசப்பு. மூணாவது பச்சை பாட்டில்ல வந்த ஒன்னு, திறந்ததும் ஒரு வாடை அடிச்சுது பாருங்க, ரப்பர் எரியிற நாத்தத்துக்கும் மிருக வாடைக்கும் நடுவுல ஏதோ ஒன்னு. கெட்டுப்போனதா, இல்ல அந்த பீரே அப்படித்தானான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

ஸ்டவுட், போர்ட்டர், பில்ஸ்னர், சேசோன்னு பேர் பட்டியல பாத்தா தலை சுத்துது. எதுல ஆரம்பிச்சு எப்படிப் போனா ஒரு பிடி கிடைக்கும்? "இதான் பெஸ்ட் பிராண்ட்"னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ், ஏன்னு சேத்து சொல்லுங்க. கறுப்பா இருந்தா ஸ்ட்ராங்கா இருக்கும்னு ஒருத்தர் சொன்னார், அதுவும் உண்மையா?

பார்லிமணி:

வாங்க வாங்க. உங்க ஃப்ரெண்ட் மேல எனக்கு கோவம் எல்லாம் இல்ல, ஆனா கடைசி பாடத்த முதல் நாளே நடத்திட்டார்.

நான் சொல்றது ஒன்னே ஒன்னு தான், ஜோடி ஜோடியா குடிங்க. ஒரு பீர தனியா குடிச்சா "நல்லாருக்கு", "நல்லால்ல" இதுக்கு மேல நாக்குக்கு எதுவும் சொல்லத் தெரியாது. பக்கத்துல இன்னொன்ன வச்சுகிட்டு மாத்தி மாத்தி ஒவ்வொரு வாய் குடிச்சுப் பாருங்க, அப்ப வார்த்தை தானா வரும். ஆளுக்கு 100 மிலி போதும், பாட்டில யாரோடயாவது பங்கு போட்டுக்கோங்க.

பீருக்குள்ள இருக்கிறது தண்ணி, மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் இந்த நாலு தான். (1516ல பவேரியால போட்ட சட்டத்துல பார்லி, ஹாப்ஸ், தண்ணி மூணு தான் இருக்கும், ஈஸ்ட் பேரே இருக்காது.) மால்டுன்னா முளைக்க வச்சு காய வச்ச தானியம், நிறமும் இனிப்பும் அதுல இருந்து வருது. ஹாப்ஸ்ங்கிறது ஒரு கொடியோட பூ, கசப்பும் பாதி வாசனையும் அதோடது. மீதி வாசனையும் ஆல்கஹாலும் ஈஸ்ட் பண்ற வேலை. ஜோடி போடும்போது இதுல ஏதாவது ஒன்னு மட்டும் மாறுற மாதிரி போட்டீங்கன்னா எது எதனால வருதுன்னு புரிஞ்சுரும்.

முதல் ஜோடி: ஒரு நல்ல பில்ஸ்னர், ஒரு ஹெஃபவைசன். ரெண்டுமே வெளிர் நிறம், ரெண்டுமே ஆல்கஹால் 5% சுத்தி தான், ஆனா வாய்ல வச்சா ரெண்டும் ஒரே சாதின்னே நம்ப மாட்டீங்க. பில்ஸ்னர்ங்கிறது 1842ல செக் நாட்டு பில்சன் ஊர்ல யோசஃப் க்ரோல்னு ஒரு பவேரியாக்காரர் காய்ச்சுனதுல இருந்து ஆரம்பிச்ச வகை, நீங்க முதல்ல குடிச்ச சாதா லாகர் எல்லாம் ஏறக்குறைய அதோட பேரப்பிள்ளைங்க தான். அந்த ப்ரூவரியோட பில்ஸ்னர் உர்க்கெல் இன்னும் கிடைக்குது, 4.4% தான். லேசான ரொட்டி மணம், பின்னாடி சுருக்குனு ஒரு கசப்பு, வாய் காஞ்ச மாதிரி முடியும். ஹெஃபவைசன்ல பாதிக்கு மேல கோதுமை மால்ட், கலங்கலா இருக்கும், வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். உள்ள வாழைப்பழமும் போடல கிராம்பும் போடல, அத்தனையும் ஈஸ்ட் பண்றது. வாழைப்பழத்துல இருக்கிற அதே ஐசோஅமைல் அசிடேட்ட இந்த ஈஸ்ட் உற்பத்தி பண்ணுது. எனக்கு இத முதல்ல சொன்னப்ப நான் நம்பவே இல்ல.

ரெண்டாவது ஜோடி: அதே பில்ஸ்னர், கூட ஒரு ஷ்வார்ட்ஸ்பியர், அதாவது கறுப்பு லாகர். க்யோஸ்ட்ரிட்சர்ங்கிற பிராண்ட் கிடைச்சா அது. ரெண்டும் குளிர்ச்சில மெதுவா புளிக்கிற லாகர் ஈஸ்ட் தான், பெரிய வித்தியாசம் மால்ட்ட எவ்ளோ வறுத்தாங்கங்கிறது. இத கண்ண மூடிக்கிட்டு குடிங்க, காரணம் அப்புறம் சொல்றேன்.

ஹாப்ஸ் ஜோடிய கடைசில வச்சுக்கோங்க, ஒரு பேல் ஏல் (ஏல்னா லாகர் மாதிரி குளிர்ச்சில இல்லாம கொஞ்சம் சூட்டுல புளிக்கிறது), அத விட ஹாப்ஸ் தூக்கலா இருக்கிற ஒரு சாதா ஐபிஏ. டபுள் பக்கம் இப்போதைக்கு போகாதீங்க. லேபிள்ல ஐபியுன்னு ஒரு கசப்பு நம்பர் போட்டிருப்பாங்க, அதப் பாத்தும் பயப்பட வேணாம் நம்பவும் வேணாம், மால்ட் இனிப்பு கூட இருந்தா 40 இருக்கிற ஸ்டவுட் (நல்லா வறுத்த தானியத்துல காய்ச்சுற கறுப்பு ஏல்) கூட 30 இருக்கிற பில்ஸ்னர விட சாதுவா தெரியும்.

நுரைதள்ளி:

ஏங்க மனுஷன் என்ன செமஸ்டர் பரீட்சைக்கா படிக்கிறார். ஜோடி, கண்ண மூடு, ஐபியு... பாவம் ஓடிப்போயிருவார்.

பாஸ், நான் சிம்பிளா சொல்றேன், பெல்ஜியம் விட்பியர், அதாவது அவங்க ஊர் கோதுமை பீர், ஒன்னு வாங்கி குடிங்க. ஹோகார்டன் எங்கயும் கிடைக்கும். உள்ள கொத்தமல்லி விதையும் ஆரஞ்சு தோலும் போட்டு காய்ச்சுவாங்க, கசப்புன்னு ஒன்னு இருக்குறதே தெரியாது. அந்த வகை கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு, ஹோகார்டன்ங்கிற அந்த ஊர்ல கடைசி ப்ரூவரிய மூடி சில வருஷம் கழிச்சு, பியேர் செலிஸ்னு பால் ஊத்திட்டிருந்த ஒரு ஆள் 1966ல திரும்ப காய்ச்ச ஆரம்பிச்சார், அதுல இருந்து தான் இன்னிக்கு உலகம் பூரா விட்பியர் இருக்கு. பால்காரர் காப்பாத்துன பீர்! இது ஒன்னு பிடிச்சா மத்தது தானா வரும், பிடிக்கலன்னா அப்புறம் மணி சார் கிட்ட டியூஷன் போங்க.

பார்லிமணி:

ஹாஹா. விட்பியர் நல்ல ஆரம்பம் தான், மறுக்கல. ஆனா அவர் கேட்டது எது பிடிக்கும்னு இல்ல, என்ன வித்தியாசம்னு. பிடிச்ச ஒன்ன கண்டுபிடிச்சுட்டு பத்து வருஷம் அதையே குடிச்சவங்கள எனக்கு நிறைய தெரியும், நானே அப்படி ஒரு ஆளு.

மூக்கன்:

யாரும் அந்த பச்சை பாட்டில் கேள்விக்கு பதில் சொல்லலையே, அதான் எனக்கு பிடிச்ச டாபிக்.

அது கெட்டுப்போனதுன்னும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அதுக்கு பேர் வெளிச்சம் பட்ட பீர். ஹாப்ஸ்ல இருந்து வர்ற கசப்புப் பொருள் மேல வெளிச்சம் பட்டா அது உடைஞ்சு கந்தகம் சேந்த ஒரு பொருளா மாறுது, ஸ்கங்க்னு ஒரு பிராணி ஆபத்து வந்தா பின்பக்கமா பீச்சி அடிக்குமே அதோட வாடைக்கு ரொம்ப நெருங்குன சொந்தம். நீங்க மிருக வாடைன்னு சொன்னது அவ்ளோ கரெக்ட், உங்களுக்கு நல்ல மூக்கு. கண்ணாடி வெள்ளையா இருந்தாலும் பச்சையா இருந்தாலும் வெளிச்சம் உள்ள போயிரும், பிரவுன் பாட்டில் நிறைய தடுக்கும், கேன்ல பிரச்னையே இல்ல. நேர் வெயில்ல வெள்ளை பாட்டில் இருந்தா சில நிமிஷம் போதும். அதனால அந்த பிராண்ட திட்ட வேணாம், கேன்லயோ டிராஃப்ட்லயோ (பீப்பாய்ல இருந்து குழாய்ல பிடிச்சு குடுக்குறது) கிடைச்சா இன்னொரு தடவ குடிச்சுப் பாருங்க, வேற பீர் மாதிரி இருக்கும். சில பேர் அந்த வாடைக்கே பழகி "அதான் அதோட டேஸ்ட்"னு சத்தியம் பண்ணுவாங்க, அவங்க கூட வாக்குவாதம் வேணாம்.

உங்க முதல் லாகருக்கும் வர்றேன். ஐஸ் மாதிரி இருந்தா நாக்கு மரத்துப்போயிரும், வாசனையும் மேல எழும்பாது, அதான் சோடா மாதிரி இருந்துச்சு. பில்ஸ்னர் மாதிரி லாகர்னா 5ல இருந்து 7 டிகிரி, ஸ்டவுட், ஸ்ட்ராங் ஏல் எல்லாம் 10 டிகிரிக்கு மேல. தெர்மாமீட்டர் எல்லாம் வேணாம், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து லாகர்னா அஞ்சு பத்து நிமிஷம், கறுப்பு சமாச்சாரம்னா இருபது நிமிஷம் வெளிய வைங்க. பாட்டில்லயே வாய் வச்சு குடிக்காதீங்க, மூக்குக்கு வேலையே இல்லாம போயிரும். கிளாஸ்ல ஊத்துங்க, முழுசா ரொப்பாதீங்க, நுரை வரட்டும், நுரைக்கு மேல கொஞ்சம் இடம் இருந்தா தான் வாசனை தங்கும். கிளாஸ ஃப்ரீசர்ல வைக்கிற வேலை மட்டும் வேணாம்.

அப்புறம் ஐபிஏ வாங்கினா பாட்டில் பண்ணின தேதி பாருங்க. ஹாப்ஸ் வாசனை சீக்கிரம் போயிரும், கசப்பு மட்டும் மிஞ்சி நிக்கும். உங்க ஃப்ரெண்ட் குடுத்தது எத்தனை மாசம் அலமாரில இருந்ததோ யார் கண்டா.

அரைகிளாஸ்:

கறுப்பா இருந்தா ஸ்ட்ராங்கா? இல்லவே இல்ல. நிறம் வறுத்த மால்ட்டோட கணக்கு, போதை சர்க்கரையும் ஈஸ்டும் போடுற கணக்கு, ரெண்டுக்கும் சம்மந்தம் கிடையாது. கின்னஸ் டிராஃப்ட்ங்கிற ஸ்டவுட் கருகருன்னு இருக்கும், 4.2% கிட்ட தான். ட்யூவெல்னு ஒரு பெல்ஜியம் பீர், தங்கம் மாதிரி பளபளன்னு பாக்க அப்பாவியா இருக்கும், அது 8.5%. அவங்க ஊர் பேச்சுல அந்த பேருக்கு பிசாசுன்னு அர்த்தம், சும்மா வைக்கல.

ஒரு சின்ன கணக்கு, 330 மிலிய சதவீதத்தால பெருக்கிப் பாருங்க. 4.2க்கு ஏறக்குறைய 14 மிலி சுத்த ஆல்கஹால். 8.5க்கு 28 மிலி. ஒரே சைஸ் பாட்டில், ஆனா உள்ள இருக்கிறது ரெண்டு பீர். "நான் ரெண்டு தான் குடிச்சேன்"னு சொல்றவங்க எல்லாம் இத கவனிக்கிறதே இல்ல. அதனால லேபிள்ல முதல்ல பாக்க வேண்டியது பேர் இல்ல, ஏபிவி, அதாவது ஆல்கஹால் சதவீதம். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும், நாலாவது பீருக்கு மேல நாக்கு பொய் சொல்லும், நீங்க எழுதி வச்ச குறிப்ப மறுநாள் படிச்சா உங்களுக்கே சிரிப்பு வரும். நடுவுல தண்ணி குடிங்க, அன்னிக்கு வண்டி எடுக்காதீங்க, மாத்திரை ஏதாவது எடுக்குறீங்கன்னா டாக்டர் கிட்ட கேட்டுக்கோங்க. அப்புறம் எல்லாம் குடிச்சுப் பாத்தும் பிடிக்கலன்னா விட்டுருங்க, ஒரு குறையும் இல்ல. பிடிக்கிற வரைக்கும் பழகணும்னு சொல்ற ஆளுங்க பேச்ச நான் கேக்குறதே இல்ல.

புளிப்புமூட்டை:

கசப்பு தான் பிரச்னைன்னா புளிப்பு பக்கம் வாங்களேன்! லாம்பிக்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? பிரஸ்ஸல்ஸ் சுத்துவட்டாரத்துல காய்ச்சுறது, ஈஸ்ட்டே போட மாட்டாங்க, காய்ச்சின சாற ஆழமில்லாத அகலமான தொட்டில ஊத்தி ராத்திரி பூரா திறந்து போட்டுருவாங்க, காத்துல மிதக்கிற ஈஸ்டும் பாக்டீரியாவும் தானா வந்து விழுந்து புளிக்க வைக்கும், அப்புறம் மரப் பீப்பாய்ல மாசக்கணக்கா வருஷக்கணக்கா கிடக்கும். இளசையும் பழசையும் கலந்து பாட்டில்ல அடைச்சா கூஸ், செர்ரி போட்டு ஊறவச்சா க்ரீக். முதல் வாய்ல முகம் கோணும், மூணாவது வாய்ல தான் அட!ன்னு இருக்கும். பீரே பிடிக்காத ரெண்டு பேர் இதுல விழுந்தத என் கண்ணால பாத்திருக்கேன். சில க்ரீக்ல இனிப்பு சேத்து ஜூஸ் மாதிரி ஆக்கியிருப்பாங்க, அதுல ஏமாந்துறாதீங்க.

புதுக்குடிமகன்:

அடேங்கப்பா, இவ்ளோ எழுதுவீங்கன்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. மணி சார் டியூஷன்லயே சேந்துக்கிறேன், நுரைதள்ளி மன்னிச்சுக்கோங்க. முதல் ஜோடி இந்த வாரம், ரெண்டாவது அடுத்த வாரம். வந்து சொல்றேன்.

புதுக்குடிமகன்:

ரெண்டு வாரம் ஆச்சு, ரிப்போர்ட் குடுக்கணும்ல.

முதல் ஜோடி. பில்ஸ்னர் உர்க்கெல் ஜில்லுனு இருந்தப்ப பழைய சோடா கதை தான், பத்து நிமிஷம் வச்சப்புறம் தான் அந்த ரொட்டி மணம் வந்துச்சு, கசப்பும் இருந்துச்சு ஆனா அது சண்டை போடுற கசப்பு இல்ல, வாய துடைச்சு விட்டுட்டு போற கசப்பு. உடனே ஹெஃபவைசன எடுத்தா... வாழைப்பழம்! தனியா குடிச்சிருந்தா கண்டிப்பா கவனிச்சிருக்க மாட்டேன், இத்தனைக்கும் முன்னாடியே சொல்லிட்டீங்க. கிராம்பு தான் எனக்கு பிடிபடவே இல்ல, வீட்டம்மா ஒரு தடவ மோந்து பாத்துட்டு "பல்லு டாக்டர் ரூம் மாதிரி இருக்கு"ன்னு சொன்னா, அதான் கிராம்பு போல. அவளுக்கு என்ன விட நல்ல மூக்கு, இனிமே பங்கு போட ஆள் கிடைச்சாச்சு.

ரெண்டாவது ஜோடி, கண்ண மூடிக்கிட்டு. சார், அசிங்கப்பட்டேன். மூணு தடவ மாத்தி மாத்தி குடுத்தா, ரெண்டு தடவ தப்பா சொன்னேன். கறுப்புன்னா கெட்டியா கனமா இருக்கும்னு நானே முடிவு பண்ணி வச்சிருக்கேன், அது தண்ணி மாதிரி இறங்குது, முழுங்குனப்புறம் தான் லேசா காபி, லேசா சாக்லேட். கண்ண தொறந்து குடிச்சா அதே பீர் கனமா தெரியுது! இதுக்குத்தான் கண்ண மூடச் சொன்னீங்களா?

ஐபிஏ ஜோடிக்கு இன்னும் தைரியம் வரல. கூஸ் ஒன்னு வாங்கி வச்சிருக்கேன், பாத்துக்கிட்டே இருக்கேன்.

பார்லிமணி:

அதுக்கே தான். நான் முதல் தடவ மூணுக்கு மூணும் தப்பு, நீங்க பரவால்ல.

மூக்கன்:

பல்லு டாக்டர் ரூம்!! உங்க வீட்டம்மாவுக்கு ஒரு சல்யூட், கிராம்பு எண்ணெய் வாடைய இத விட கரெக்டா சொல்ல முடியாது. ஒரு சின்ன சந்தேகம், ஹெஃபவைசன் பாட்டில் அடியில வண்டலா கொஞ்சம் தங்கியிருக்குமே, கடைசி ரெண்டு விரல் அளவு பீர பாட்டில்லயே சுழட்டி அதையும் சேத்து ஊத்தினீங்களா? ஹெஃபென்னாலே ஜெர்மன்ல ஈஸ்ட்னு தான் அர்த்தம், அது தான் அந்த பீரே.

புதுக்குடிமகன்:

ஐயோ. அழுக்குன்னு நினைச்சு சிங்க்ல ஊத்தி பாட்டில நல்லா கழுவி வச்சுட்டேன்.