ஒன்பது மாத கிராமப்புற போஸ்டிங்: பெயர் கொடுக்கலாமா?

கடைசிபெஞ்ச் (கேள்வி)

அடுத்த வருடத்துக்கு எங்கள் மருத்துவக் கல்லூரியில் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, வழக்கம்போல் பெரிய மருத்துவமனையில் துறைக்கு ஆறு வாரம், எட்டு வாரம் என்று சுற்றுவது. இன்னொன்று, ஒன்பது மாதமும் ஒரே சின்ன கிராமப்புற மருத்துவமனையில் தங்கி எல்லாத் துறையையும் அங்கேயே கற்பது. வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றே காலம் ஓடிவிடுமோ, தேர்வில் மற்றவர்கள் முந்திவிடுவார்களோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அம்மா வேறு "தனியா போய் என்ன பண்ணுவே" என்கிறார். போய் வந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். சேவை பற்றிய பேச்சு மட்டும் வேண்டாம், அதை டீன் ஏற்கெனவே பேசிவிட்டார்.

ஓபிசீட்டு

நான் போனேன், மறுபடி கேட்டாலும் போவேன். அதற்காக எல்லா நாளும் பிரமாதமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், பாதி நாள் ஓபியில் இருமல்தான்.

ஒரு ராத்திரி மட்டும் சொல்கிறேன். பாம்புக்கடி கேஸ், கணுக்காலுக்கு மேல் வீக்கம். ரத்தம் உறைகிறதா என்று பார்க்க வேண்டும், ஆய்வகம் பூட்டியாகிவிட்டது. புத்தகத்தில் படித்த 20 நிமிடச் சோதனை நினைவுக்கு வந்ததும் பெருமையாகப் போய்த் தொட்டி ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடிக் குழாயை எடுத்தேன். நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்து, "அது சோப்பு போட்டுக் கழுவினது, புதுசு எடுங்க" என்றார். கழுவிய குழாயில் சோப்பு ஒட்டியிருந்தால் நல்ல ரத்தம்கூட உறையாமல் நின்று ஏமாற்றும், பிளாஸ்டிக் குழாயிலும் அதே கதைதான். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தத்தை விட்டு, தொடாமல் அசைக்காமல் 20 நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாய்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது, உறையவே இல்லை, அதாவது விஷம் ஏறியிருக்கிறது. அதற்குள் டாக்டர் வந்துவிட்டார், ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலினை ஊசியில் ஏற்றிப் பக்கத்தில் வைத்த பிறகுதான் விஷமுறிவு மருந்தை ஏற்ற விட்டார். பெரிய மருத்துவமனையாக இருந்திருந்தால் எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றிருப்பார்கள், நான் அவர்கள் முதுகைப் பார்த்துக் கற்றிருப்பேன்.

இன்னொன்று, அதே நோயாளி திரும்பத் திரும்ப வருவார். கர்ப்பப்பை தொப்புள் மட்டத்தில் இருந்தபோது நான் முதலில் பார்த்த ஒரு அம்மாவுக்குப் பிரசவத்திலும் கூட இருந்தேன், பிறகு அந்தக் குழந்தையின் தடுப்பூசிக்கும் நான்தான். பெரிய மருத்துவமனையில் அவர் எனக்கு "14ஆம் பெட்" ஆக ஒரே ஒரு காலை மட்டும் இருந்திருப்பார்.

சலித்தவன்

நர்ஸ் அக்கா இல்லாத இடத்துக்கும் போஸ்டிங் போடுவார்கள், அதையும் சொல்லுங்கள். நான் போன இடத்தில் டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வந்தார். மற்ற நாட்களில் நான் பார்த்து எழுதினேன், அவர் வந்ததும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டார். நான் செய்தது சரியா தப்பா என்று ஆறு மாதத்தில் ஒருவரும் சொல்லவில்லை. தப்பைத் திருத்த ஆள் இல்லாவிட்டால் அது பழக்கமாகிவிடும். நான் குழந்தைகளுக்கு எடை பார்க்காமல் கண்ணளவில் மருந்து எழுதப் பழகி, அதை விட ஒரு வருடம் ஆயிற்று. செய்ததை எல்லாம் குறிக்கும் லாக் புக் மட்டும் அழகாக நிரம்பியிருந்தது.

நிறைய கேஸ் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், யார் மேற்பார்வை என்று கேளுங்கள்.

பழைய_டாக்டர்

சலித்தவன் சொல்வதுதான் விஷயத்தின் மையம். என்னிடம் பல வருடங்களாக மாணவர்கள் வருகிறார்கள், ஆகவே ஆசிரியர் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

தேர்வு பயம் புதிதல்ல. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 1971-லேயே மூன்றாம் ஆண்டு மாணவர்களை மாதக்கணக்கில் கிராமப்புற டாக்டர்களிடம் அனுப்ப ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997-ல் ரிவர்லேண்ட் பகுதியில் ஒரு வருடம் முழுக்க இப்படி வைத்தது, துறை துறையாகப் பிரிக்காமல் வருகிற நோயாளியை வைத்தே எல்லாத் துறையும் ஒன்றாக. அந்த மாணவர்கள் அடிலெய்டின் பெரிய மருத்துவமனையில் இருந்தவர்களுக்குத் தேர்வில் பின்தங்கவில்லை, மேலே போனார்கள் என்று 2004-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் பால் வொர்லியும் சகாக்களும் எழுதினார்கள். ஆனால் அவர்கள் விரும்பி விண்ணப்பித்துப் போனவர்கள், எண்ணிக்கையும் சிறியது, அதனால் அதை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். ரிவர்லேண்டில் ஆசிரியர் பக்கத்து அறையில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அரிய நோய் குறைவாகத்தான் வரும், அது உண்மை. அதைப் புத்தகத்திலும் பிறகு பெரிய மருத்துவமனையிலும் பிடித்துக்கொள்ளலாம். "இவருக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லும் பொறுப்பை வார்டில் கற்க முடியாது, ஏனென்றால் வார்டுக்கு வருபவர் ஏற்கெனவே யாரோ வடிகட்டி அனுப்பியவர்.

பெயர் கொடுக்கும் முன் அந்த இடத்துக்கே போன் செய்யுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்பலாம், அவர் எத்தனை நிமிடத்தில் வருவார்? போன வருடம் வந்த மாணவரின் எண் கிடைக்குமா? அப்புறம் ஒரு அற்பக் கேள்வி மாதிரி தோன்றும், ஆனால் கேளுங்கள்: மருந்து ஃபிரிட்ஜின் வெப்பநிலையை யார் குறிக்கிறார்கள்? பிரசவம் ஆனதும் ரத்தப்போக்கைத் தடுக்கப் போடும் 10 யூனிட் ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது, கரண்ட் போய்ப் போய் வந்தால் வீரியம் குறையும், ரத்தப்போக்கு வரும்போதுதான் அது தெரியும். தினம் இரண்டு வேளை ஃபிரிட்ஜ் வெப்பநிலையைத் தாளில் எழுதுகிற இடத்தில் மாணவரையும் கவனிப்பார்கள், என் அனுபவத்தில் இது தப்பியதில்லை.

கடைசிபெஞ்ச்

போன் செய்துவிட்டேன். எடுத்தவர் நர்ஸ், டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார் என்றார். முக்கால் மணி நேரத்தில் டாக்டரே கூப்பிட்டார். ராத்திரி யாரை எழுப்புவது என்று கேட்டதற்கு, "என்னைத்தான். எழுப்பாமல் விட்டால்தான் திட்டுவேன்" என்றார். ஃபிரிட்ஜ் கேள்விக்குச் சிரித்துவிட்டு, இனிமேல் அது உன் வேலை என்றார். நாளைக்குப் பெயர் கொடுக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஷூ கொண்டுபோவதா, செருப்பா?

ஓபிசீட்டு

ஷூ. மூடிய ஷூ. டார்ச்சும். பாம்புக்கடிக் கதையை எதற்குச் சொன்னேன் என்று நினைத்தாய்?